அப்பாவின் மூன்றாவது கசெற்

தோஹா
4.3.1996

அக்காவுக்கு,

நலம். அப்பாவின் பேச்சைப் பதிந்து அனுப்பிய இரண்டு கசெற்றும் கிடைத்தன. மணிக்கூட்டை வைத்து எண்ணினேன். தை மாதத்தில் அப்பா பத்து நிமிடத்துக்கு நாற்பத்தொரு சொல். மாசியில் இருபத்தாறு. ஏசி திருத்துகிற எனக்கே விளங்குகிறது, இந்த வைத்தியம் வேலை செய்யவில்லை. எமிலி ரீச்சர் வியாழக்கிழமை தோறும் வந்து மனதில் என்ன இருக்கிறது என்று கேட்டால் பாரிசவாதம் வந்த கை எழும்புமா? ரீச்சரை நிறுத்துங்கள். நான் அனுப்பிய பயிற்சி அட்டவணைப்படி செய்விக்கவும்.

தம்பி
யோகராசா

குருக்கள்மடம்
29.3.1996

அன்புத் தம்பி,

அட்டவணை சுவரில்தான் இருக்கிறது. கை கொஞ்சம் எழும்புகிறது, ஆள்தான் எழும்பவில்லை. சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர். இப்படியே போனால் மாரிக்கு இருக்கமாட்டார் என்று டொக்டர் சொன்ன பிறகுதான் ரீச்சரைக் கூப்பிட்டேன். அவ உளவளத்துணை படித்தவ. நாலு வியாழன் பக்கத்தில் சும்மா இருந்தா. ஐந்தாம் வியாழன் அப்பா உன் பெயரைச் சொல்லி அழுதார்.

தை மாதத்து நாற்பத்தொரு சொல்லும் ‘ஓம்’, ‘வேணாம்’, ‘தண்ணி’ தான். மாசியில் உன் பெயர் இருந்தது. அதையும் ஒரு சொல்லாக எண்ணிவிட்டாய்.

ஆறு வருடமாக எனக்குத்தான் எழுதுகிறாய். அவருக்கு ஒரு வரி இல்லை. இத்தோடு வரும் கசெற்றை அவரே பதியச் சொன்னார். தபாலுக்குக் கொண்டுபோகையில் சென்றியில் மறித்த ஆமிக்காரன் முழுவதும் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் விட்டான். உனக்கு முதல் அவன் கேட்டுவிட்டான். எண்ணாமல் கேள்.

அக்கா
அன்னப்பூரணி

தோஹா
20.4.1996

அப்பாவுக்கு,

கேட்டேன். என்னைக் கொழும்பு போகிற வான் வண்டியில் ஏற்றிவிட்டு, இனி இந்த வாசலுக்கு வராதே என்றீர்கள். துரத்திவிட்டீர்கள் என்றுதான் இவ்வளவு காலமும் இருந்தேன்.

“நான் துரத்தல்ல மனே. திரும்பி வந்தா உன்னப் புடிச்சிருப்பாங்க.”

இதைச் சொல்லி முடிக்க உங்களுக்குக் கசெற்றின் ஒரு பக்கம் முழுவதும் போயிருக்கிறது. இடையில் வாவியில் ஒரு இஞ்சின் வள்ளம் போகிறது. நீங்கள் மூச்சு வாங்குகிறீர்கள். ஆறுதலாகச் சொல்லுங்கள் என்கிறா ரீச்சர். நான் மணிக்கூட்டைக் கழற்றி மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டேன்.

எனக்கு இதெல்லாம் எழுத வராது. சாப்பிடுங்கள். ஆவணியில் லீவு இருக்கிறது. இப்போதும் வரவேண்டாம் என்றால் வரமாட்டேன், கோபிக்கவும் மாட்டேன். ஆனால் ரீச்சர் வரும்போது அதை நீங்களே சொல்லுங்கள், உங்கள் குரலில்.

அறுபது நிமிடத்துக் கசெற் போதாது. தொண்ணூறு நிமிடத்தது ஐந்து அனுப்பியிருக்கிறேன்.

உங்கள் மகன்
யோகராசா