ஒரே வடுவுள்ள குண்டுகள்

ஸ்ரீவில்லிபுத்தூர்
1901 மார்ச்சு

கொழும்பிலிருக்கும் மகன் ஹமீதுக்கு அத்தா எழுதும் ஸலாம். ஆண்டவன் கிருபையில் இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், நீயும் சுகமாக இருக்க உன் அம்மா ஐந்து வேளையும் துஆ கேட்கிறாள். அவளுக்கு மூட்டுவலி விட்டபாடில்லை. உன் தங்கை சௌதாவைப் பெண் கேட்டு வந்த ராஜபாளையத்துக்காரர்கள் இப்போது வாயே திறக்கவில்லை. காரணம் கேட்பாய், அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

போன மாதம் புதிதாக வந்த துரை ஒருவரைத் தேவதானம் கோட்டைமேட்டுக்குக் கூட்டிப்போய், பீரங்கி எங்கே நின்றது, மதில் எங்கே இடிந்தது என்று முப்பது வருஷமாகச் சொல்கிற, பாளையக்காரர் காலத்துச் சண்டைக் கதையை ஒன்று விடாமல் சொன்னேன். திரும்பியதும், கேட்கிற துரைமாருக்குக் கொடுக்க மழைக்குப் பின் உழவுச்சாலில் பொறுக்கிச் சேர்த்த ஈயக் குண்டுகளைப் பங்களா வராந்தாவில் பெட்டியோடு திறந்து வைத்தேன். துரை பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துப் பத்துப் பன்னிரண்டை வரிசையாக அடுக்கினார். எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் ஒரே வடு. துரையின் பட்லர் சமுத்திரம் என் முகத்தைப் பார்க்காமல், இதெல்லாம் ஒரே அச்சுல வார்த்ததாம் பாய், யாரு செஞ்சதுன்னு காலையில வந்து சொல்லணுமாம் என்றான். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்து விசாரித்தால் சௌதா அழுகிறாள். அண்ணன்தான் உருக்கி ஊத்துச்சு அத்தா, நான் அடுப்பு ஊதுனேன், அம்புட்டுத்தான் என்றாள். கண்மாயில் மீன் பிடிப்பவர்கள் வலையில் கட்டும் ஈயக் குண்டை உருக்கி, புளித்த மோரில் நனைத்து, சாணிக் குழியில் புதைத்து பழசு போல வெள்ளை பூக்க வைத்தாயாமே. நாலு வருஷத்துக்கு முன் மழை பொய்த்தபோது நான் குண்டு கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்பியது பொறுக்காமல் செய்தாயாம். யார் கேட்டது உன்னை?

மறுநாள் துரையிடம், நான்தான் வார்த்தேன் என்று சொல்லிவிட்டேன். கொழும்பில் நீ வேலை பார்க்கும் கம்பெனியின் பேரை அவரிடம் பெருமையாக உளறி வைத்திருந்தேன், உன்னைச் சொன்னால் உன் வேலை போய்விடும், வேறென்ன சொல்ல? இனி கோட்டைமேட்டுப் பக்கம் வராதே என்றார். முன்பு வந்த துரைமார் எனக்கு எழுதிக் கொடுத்த நற்சாட்சிக் கடிதங்களையும் வாங்கி வைத்துக்கொண்டார். கடைத்தெருவில் பிள்ளைகள்கூட என்னை ஈயக்குண்டு பாய் என்கிறார்கள். எனக்கு உன்மேல் ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, மறைத்து எழுத எனக்கு வராது.

இந்த அவமானத்தையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். என் பாட்டனார் அந்தக் கோட்டைக்குள் நின்று இடுப்பில் வாங்கிய குண்டு, எலும்பில் பட்டு நசுங்கியது, துணியில் முடிந்து தனியாக வைத்திருந்தேனே, அதைக் களிமண்ணில் அழுத்தித்தான் அச்செடுத்தாயாம். அதன் நசுங்கல்தான் எல்லாவற்றிலும் விழுந்த அந்த வடு. பிறகு அதையும் மற்றவற்றோடு மோரில் போட்டாயாம். குழியிலிருந்து எடுத்து நீ துணியில் முடிந்தது எதை? நாலு வருஷமாகக் கேட்ட துரைமாருக்கெல்லாம் பெட்டியிலிருந்து நானே அள்ளிக் கொடுத்தேன். பாட்டனாருடையதும் சீமைக்குப் போயிருந்தால் அனுப்பிய கை என் கைதான்.

வெயிலில் அலையாதே, நேரத்துக்குச் சாப்பிடு. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல பேரும் கொடுக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே. துணியில் இருப்பது அசல்தான் என்று நிச்சயமாகத் தெரிந்தால் எழுது. தெரியாவிட்டால் தெரியாது என்றே எழுது, என் மனம் ஆறட்டும் என்று எதையும் சொல்லிவிடாதே. நீ சொன்னால் நான் நம்பிவிடுவேன்.

இப்படிக்கு
உன் அத்தா
பிச்சை முகம்மது