நான் உரக்கப் படித்த செய்தி

அன்புள்ள அக்கா,

நேற்று காலாப்பட்டிலிருந்து திரும்பும் டவுன் பஸ்ஸில், படிக்கட்டுக்குப் பக்கத்தில் யாரோ அன்னக்கூடை நிறைய மீன் வைத்திருந்தார்கள். பஸ் முழுக்கக் கவுச்சி. பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்து உச்சுக் கொட்டினார். நானோ அது சங்கராவா, காரப்பொடியா என்று வாசனையிலேயே கண்டுபிடிக்கப் பார்த்தேன். முடியவில்லை. நீங்கள் இருந்திருந்தால் சிரித்திருப்பீர்கள். நீங்கள் போய் இரண்டு வருடம் ஆகிறது.

மீன் விற்கும் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க முதலியார்பேட்டையிலிருந்து பிள்ளைச்சாவடிக்கு வந்தபோது, எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. மாலை ஆறு மணிக்கு வகுப்பு வைத்தேன். உலை வைக்கும் நேரத்தில் யார் வருவார்கள்? நீங்கள்தான், "மார்க்கெட்லேர்ந்து வந்து குளிச்சிட்டு மூணு மணிக்குக் குந்துவோம், அப்ப வா" என்றீர்கள். வலை பின்னும் கூடத்தில் பாய் விரித்தோம். முதல் நாள் அம்மா படத்தைக் காட்டி 'அ' எழுதினேன்.

"அம்மாவத் தெரியும் டீச்சரு. பஸ்ஸுதான் தெரியல."

உண்மைதான். பச்சை பஸ் என்று அடையாளம் வைத்திருந்தீர்கள். முதலாளி அதற்கு நீலம் அடித்துவிட, வேறொரு பச்சை பஸ்ஸில் ஏறி வெறும் கூடையோடு வில்லியனூரில் போய் இறங்கினவர் நீங்கள். மறுநாளிலிருந்து பஸ் போர்டுதான் எங்கள் அரிச்சுவடி.

ஆனால் நீங்கள் படிக்க வந்தது பஸ்ஸுக்காக மட்டும் இல்லை. உங்கள் மகள் தான் விரும்பியவனைக் கட்டிக்கொண்டு ஓசூர் போய்விட்டாள். அவளோடு பேசக் கூடாது என்று உங்கள் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். ஒற்றை அறை வீடு. போனில் பேசினாலும், அவள் குரலைப் பதிந்து அனுப்பினாலும் அவர் காதில் விழும். அதனால் அவள் எழுதி அனுப்புவாள். அப்போதுதான் எழுத்துக்கூட்டத் தொடங்கியிருந்த உங்களுக்கு அது எட்டவில்லை. ஒருநாள் வகுப்பு நடுவே போனை என் பக்கம் நகர்த்தி, "இன்னான்னு பாரு டீச்சரு" என்றீர்கள்.

பார்க்கத்தான் சொன்னீர்கள். நானோ வாய்விட்டுப் படித்தேன். நல்ல பாடம் கிடைத்துவிட்ட குஷி எனக்கு.

"அம்மா, நான் முழுகாம இருக்கேன். அப்பாவுக்குத் தெரிய வேணாம்."

இரண்டாவது வரி வெளியே வந்த பிறகுதான் கூடத்தில் பன்னிரண்டு பேர் இருப்பது எனக்கு உறைத்தது. விளக்கு வைப்பதற்குள் செய்தி உங்கள் வீட்டுக்காரரிடம் போய்விட்டது. அவர் போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார்.

எட்டு நாள் நீங்கள் வகுப்புக்கு வரவில்லை. ஒன்பதாம் நாள் பெரிய மார்க்கெட்டில் உங்கள் முன்னால் போய் நின்றேன். வெட்கத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. நீங்கள் செதில் சீவுவதை நிறுத்தவில்லை.

"பதிலுக்கு ஒரு ரோசாப்பூ படமாவது அனுப்புவேன். அதுவும் வரலன்னு மாசமா இருக்கற பொண்ணு அங்க தவிச்சிட்டு இருப்பா" என்றீர்கள். இரண்டு மீன் சீவி முடித்த பிறகு, "நாளைக்கு வரேன். ஆனா இனிமே எனக்கு யாரும் படிச்சுக் காட்டக் கூடாது. நானே படிக்கணும். வாய்க்குள்ளயே படிக்கணும்."

அதை எப்படிச் சொல்லித்தருவது என்று எனக்குத் தெரியாது. சத்தமாகப் படி, இன்னும் சத்தமாகப் படி என்று விரட்டியே பழகியவள் நான். உங்கள் உதடு தானாக அசையும். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு படித்தீர்கள். "இன்னாக்கா, உன் மீன் நாத்தம் உனக்கே தாங்கலயா?" என்று பக்கத்தில் இருந்தவள் சீண்ட, கூடமே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள், முந்தானை மட்டும் இறங்கவில்லை.

போன் இல்லாமல் ஓட்டல்காரர்கள் மீன் சொல்ல வழியில்லை என்பதால் உங்கள் வீட்டுக்காரரே பீரோவைத் திறந்தார். பேத்தி பிறப்பதற்குள் நீங்கள் நான்கு வரி படிக்கவும் இரண்டு வரி எழுதவும் தேறிவிட்டீர்கள். ஒரு மத்தியானம் போனை மடியில் வைத்துக்கொண்டு, முந்தானை இல்லாமல், உதடு அசையாமல் படித்தீர்கள். முகம் மலர்ந்தது, கண்ணும் கலங்கியது. "என்னக்கா எழுதியிருக்கா?" என்று என் வாய் கேட்டே விட்டது.

"உனக்கு இன்னாத்துக்கு டீச்சரு?" என்றீர்கள்.

இத்தனை வருடத்தில் அப்படி ஒரு நற்சான்று எனக்கு யாரும் தந்ததில்லை. இப்போதெல்லாம் வகுப்பில் யாராவது எதையாவது படிக்கச் சொல்லி நீட்டினால், முதலில் அவர்களைத் தனியாக வெளியே அழைத்துப்போகிறேன்.

உங்கள் காரியத்தன்று பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு உங்கள் வீட்டுக்காரர் வாசலில் நின்றிருந்தார். மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "டீச்சர், அம்மா எனக்கு எழுதினது எல்லாம் இதுல இருக்கு. பாக்கறீங்களா?" என்று தன் போனை நீட்டினாள்.

எனக்கு ஆசை இல்லாமலா? சொல்லிக்கொடுத்தவள் நான். உங்களுக்கு 'ர', 'ற' குழப்பம் தீர்ந்ததா என்று பார்க்கவாவது கை துறுதுறுத்தது.

"வேணாம்மா, அது உனக்கு எழுதினது" என்றேன். போனைக் கையில்கூட வாங்கவில்லை, அக்கா.