கிழக்குக் கிணற்றுப் படம்

சாய்பாபா காலனி, கோவை
11-02-2025

தனபால்,

வழக்கம்போல ‘அன்புள்ள’ என்று தொடங்கப் பார்த்தேன். கை வரவில்லை. உன் நம்பரை பிளாக் செய்துவிட்டேன், அதனால்தான் கடிதம். இதில் நீ குறுக்கே பேச முடியாது.

ஞாயிற்றுக்கிழமை நடந்தது எதுவும் தெரியாது என்று நீ சொல்வாய். ஆகவே முழுவதும் எழுதுகிறேன். காலை ஏழு மணிக்கு அவிநாசித் தோட்டத்திலிருந்து பழனாத்தாக்கா போன் செய்தார். “ஏனுங்க அம்மணி, மூணு காருல ஆளுக வந்து எறங்கிப்போட்டாங்க. வேலிய வெட்டிப்போட்டு கெணத்து மேட்டுல நிக்கறாங்க. நாஞ் சொன்னா ஆருங்க கேக்கறாங்க?” என்று ஒரே அழுகை. நான் போய்ச் சேர்வதற்குள் அவர்கள் கிளம்பிவிட்டார்கள். கிளுவை வேலியில் ஆறடிக்கு ஓட்டை. கிணற்றுச் சுவரில் ஆந்தைக் கூட்டுப் பொந்தை மறைத்துக்கொண்டு நின்ற அத்திச் செடியைத் தொரட்டி போட்டு அறுத்திருக்கிறார்கள். படத்துக்கு இடைஞ்சலாம். அந்த ஆட்டத்தில் தாய் ஆந்தை பறந்துபோய்விட்டது. மறைப்பு போனதும் காக்கைகள் இறங்கிவிட்டன. மூன்று வாரக் குஞ்சுகள், இரண்டு. ஒன்று தண்ணீரில் மிதந்தது. மற்றதைக் காக்கை தூக்கிக்கொண்டு போனதை அக்கா கண்ணால் பார்த்திருக்கிறார்.

அந்தக் கிணற்றில் கொம்பன் ஆந்தை கூடு வைத்திருப்பது மூன்று பேருக்குத்தான் தெரியும். அக்கா, நான், நீ. அக்கா சொல்லமாட்டார். நான் சொல்லவில்லை. அமராவதி அணையில் நீர்க்காகங்கள் பறக்கிற படம் வேண்டும் என்று கல்லெறிந்தவன் நீ. எனக்கு இதற்குமேல் விசாரணை தேவையில்லை.

கேமரா வாங்கிய புதிதில் என்னிடம் யோசனை கேட்டு வந்தாயே, நினைவிருக்கிறதா? எந்த லென்ஸ், என்ன விலை என்றே கேட்டாய். நான் சொன்னது வேறு. காலை வெயில் உன் முதுகில் படும்படி நில். கண்ணில் ஃபோகஸ் விழாத படத்தை யோசிக்காமல் அழி. குஞ்சு இருக்கிற கூட்டில் பிளாஷ் போடாதே. ஊர்ப் பெயரை எங்கும் போடாதே, படத்தோடு ஒட்டிக்கொண்டு போகிற லொகேஷனையும் எடுத்துவிட்டு அனுப்பு. கூட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் குறைந்தால் அவ்வளவுக்கு நல்லது. யார் நிலத்தில் எடுத்தாயோ அவர்களுக்கு ஒரு படம் பிரிண்ட் போட்டுக் கொடு. நான் கொடுத்தேன். ஆந்தை அலறினால் வீட்டுக்கு ஆகாது என்று விரட்டப் பார்த்தவர் பழனாத்தாக்கா. கண்ணாடி போட்டு அந்தப் படத்தைக் கையில் கொடுத்த பிறகுதான் “இது எங்க கெணத்து ராசாங்க” என்று சொல்ல ஆரம்பித்தார். நீ இந்தப் பத்து வருடத்தில் யாருக்காவது ஒரு போஸ்ட் கார்டு அளவுக்காவது கொடுத்திருக்கிறாயா?

கல்லூரியில் ஒன்றாகப் படித்தவன், எரிந்த மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றுகிறவன், பொறுமை இருக்கும் என்று நம்பி உன்னை அங்கே கூட்டிப்போனது என் புத்தி கெட்ட வேலை. நீ காயிலோடு நின்றிருக்கலாம். மார்ச் இரண்டாம் தேதி நம் கேமரா குழுவின் கூட்டம். உன்னை நீக்கச் சொல்லப்போகிறேன்.

கோமளா

பி.கு: உன் டிரைபாடை கூரியரில் அனுப்பியிருக்கிறேன். அதன் ஒரு காலில் திருகு லூசாகி ஆறு மாதம் ஆகிறது. அதைக்கூட நீ முடுக்கவில்லை.


கணபதி, கோவை
17-02-2025

அன்புள்ள கோமளா,

எனக்குக் கை வருகிறது. முப்பது வருடப் பழக்கம், ஒரு கடிதத்தில் போய்விடாது.

நீ எழுதியதை நாலு தடவை படித்தேன். ‘தனபால், நீ யாரிடமாவது சொன்னாயா?’ என்று எங்கேயாவது ஒரு வரி இருக்கும் என்று தேடினேன். இல்லை. கொலைகாரனைக்கூட நீதிபதி ஒரு வார்த்தை கேட்பார். நீ நேராகத் தண்டனைக்கே போய்விட்டாய்.

அமராவதியில் கல்லெறிந்தது நிஜம். ஐந்து வருடம் ஆகிறது. அன்று கரையில் பத்துப் பேர் முன்னால் என்னை நிற்கவைத்துத் திட்டினாய். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு ஒரு பறவை தானாகப் பறக்கட்டும் என்று மூன்று மணி நேரம் வெயிலில் உட்கார்ந்திருந்ததை நீயே பார்த்திருக்கிறாய். அது மட்டும் உனக்கு நினைவில்லை.

காயில் சுற்றுகிறவன் என்று எழுதியிருக்கிறாய். உன் வீட்டு போர்வெல் மோட்டார் மூன்று முறை எரிந்துபோனது. மூன்று முறையும் சுற்றிக் கொடுத்த கை இதுதான். அப்போது அந்தத் தொழில் உனக்குக் கேவலமாகத் தெரியவில்லை.

நான் யாரிடமும் சொல்லவில்லை. இதை ஒரு முறைதான் எழுதுவேன். கூட்டத்துக்கு வரமாட்டேன். கைகட்டி நின்று நான் திருடவில்லை என்று சொல்ல என்னால் ஆகாது.

புதன்கிழமை வேலி அடைக்க அக்கா தோட்டத்துக்குப் போனேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். நீயும் ஒரு நாள் விடியற்காலை அங்கே போ. அக்கா பால் ஊற்றப் போகும்போது சொசைட்டி வரைக்கும் அவரோடு நடந்து போய்விட்டு வா. பிறகு உனக்கு என்ன தோன்றுகிறதோ செய்.

தனபால்


சாய்பாபா காலனி
03-03-2025

தனபால்,

நேற்று கூட்டம் முடிந்தது. உன்னை நீக்கப் பதினாலு பேர் கை தூக்கினார்கள். புதிதாகச் சேர்ந்த ரிஃபத் மட்டும் “அவருகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கலாமேங்கக்கா” என்றான். கூட்டம் என்று தெரிந்தும் வராதவனிடம் கேட்க என்ன இருக்கிறது என்று நான்தான் அவனை உட்காரவைத்தேன்.

அந்தக் காரில் வந்தவர்களில் ஒருவன் படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டிருக்கிறான். குஞ்சுகள் இரண்டும் கண்ணை மூடிக்கொண்டு பிளாஷ் வெளிச்சத்தில் ஒண்டிக்கொண்டிருக்கின்றன. மோட்டார் ரூம் மூன்றாவது படியிலிருந்து எடுத்திருக்கிறான். அங்கே நின்றால்தான் பொந்து தெரியும் என்பது எனக்கும் உனக்கும் மட்டும் தெரிந்த விஷயம். இன்னும் என்ன சாட்சி வேண்டும்?

பால் சொசைட்டி வரைக்கும் நடக்க வேண்டுமாம். குஞ்சுகள் செத்துக் கிடக்கின்றன, நீ எனக்கு விடுகதை போடுகிறாய். இனி எழுதாதே.

கோமளா


சாய்பாபா காலனி
14-03-2025

அன்புள்ள தனபால்,

இன்று காலை போனேன். நீ சொன்னதற்காக இல்லை. அக்காவுக்கு வேலி அடைக்கப் பணம் கொடுக்கலாம் என்றுதான் போனேன். வேலி ஏற்கெனவே நின்றது. “தனபாலு தம்பி மூணு நா வந்து கிளுவக் குச்சி நட்டுப்போட்டுப் போச்சுங்க. ஒரு வா காப்பித்தண்ணிகூடக் குடிக்கலீங்க” என்றார் அக்கா. அதைக் கேட்ட பிறகுதான் பால் கேனின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு அவரோடு நடந்தேன்.

சொசைட்டியில் பால் அளக்கிற மேஜைக்கு மேலே மாட்டியிருந்தது. என் படம். நான் பிரிண்ட் போட்டு, கண்ணாடி போட்டு, அக்கா கையில் கொடுத்த படம். கிணற்றுச் சுவர்மேல் உட்கார்ந்த ஆந்தை நடுவில். பின்னால் மோட்டார் ரூம், மூன்றாவது படி, கிழக்கோரத்துத் தென்னை, எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. இடம் முழுக்க வரட்டும் என்று நான்தான் அகல லென்ஸில் எடுத்தேன். கீழே பட்டையாகப் பேப்பர் ஒட்டி ‘பழனாத்தாள் தோட்டம், கிழக்குக் கிணறு’ என்று எழுதியிருக்கிறது. பால் அளக்கிற கண்ணையாவிடம் அக்கா சொல்லி எழுதவைத்தாராம். “வாரவங்கெல்லாம் பாக்கட்டுமுங்க, நம்ம ஊட்டுல மட்டும் மாட்டி வெச்சா ஆருக்குத் தெரியுமுங்க?” என்றார்.

அந்த மூன்று காரும் எதிர்க் கடையில் டீ குடிக்க நின்றிருக்கின்றன. படத்தைப் பார்த்திருக்கிறார்கள். இந்தக் கிணறு எங்கே என்று கேட்டதற்குக் கண்ணையா ரோட்டில் இறங்கி நின்று வழி காட்டியிருக்கிறார். அக்கா கேன் கழுவப் போன நேரத்தில் பெருமையாக என்னிடமே சொன்னார்.

அக்கா முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “அந்தப் பாவிக ஆருன்னு தெரிஞ்சுதுங்களா அம்மணி?” என்று கேட்டார். இன்னும் நல்ல படமாகப் போட்டுத் தருகிறேன் என்று சொல்லிக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது என் மேஜைமேல்தான் இருக்கிறது. உடைத்துப்போடலாம் என்று இரண்டு தடவை கையில் எடுத்துவிட்டேன்.

எனக்கு என்மேல் வருகிற ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. உனக்கு யோசனை சொன்னேன், உபதேசம் செய்தேன், ஊர்ப் பெயரைப் போடாதே என்று பெரிய வாத்தியார் மாதிரி எழுதினேன். ஊரையே கண்ணாடி போட்டுக் கொடுத்தது நான். காயில் என்று எழுதினேனே, அதை நினைத்தால் கூசுகிறது. மன்னித்துவிடு.

உன்மேலும் கோபம்தான். தெரிந்தும் ஏன் எழுதவில்லை? கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டியிருக்க வேண்டாமா? அடுத்த கூட்டத்தில் இடம் வெளியே போனது என்னால்தான் என்று எழுந்து சொல்கிறேன். அக்கா பெயரை எடுக்கமாட்டேன். உன் நம்பரை பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன். ஒரு தடவை கூப்பிடு.

கோமளா


சாய்பாபா காலனி
24-11-2025

அன்புள்ள தனபால்,

எட்டு மாதத்தில் நான் செய்த போன் எதையும் நீ எடுக்கவில்லை. கடைக்கு வந்தால் உள்ளே போய்விடுகிறாய். குழுவில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன், உன்னைத் திரும்பச் சேர்க்கத் தீர்மானமும் போட்டாயிற்று. ரிஃபத் வந்து சொல்லியிருப்பான்.

இதை வேறு காரியத்துக்காக எழுதுகிறேன். ஆந்தை திரும்பி வந்துவிட்டது. அதே பொந்து. வெட்டிய அத்தியும் ஒரு முழம் தழைத்திருக்கிறது. அக்கா சந்தோஷத்தில் ராத்திரி மோட்டார் போடுவதையே நிறுத்திவிட்டார். சொசைட்டியில் இப்போது ஆந்தையின் முகம் மட்டும் இருக்கிற படம் மாட்டியிருக்கிறது. பின்னால் ஒன்றும் தெரியாது, பெயரும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்குப் போகிறேன், கேமரா இல்லாமல். நீயும் வா. ஒன்றும் பேச வேண்டாம், படிக்கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். கோபம் இன்னும் ஆறவில்லையா?

கோமளா


கணபதி, கோவை
01-12-2025

அன்புள்ள கோமளா,

ஆறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ காத்திருந்ததாக அக்கா சொன்னார். ஆந்தை வந்தது எனக்கு நவம்பர் ஐந்தாம் தேதியே தெரியும். புதன்கிழமை தோறும் போகிறேன்.

தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருந்தாய். நான் கூட்டத்தில் எழுந்து அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லியிருந்தால் நாலே நாளில் அக்கா காதுக்குப் போயிருக்கும். தன் பெருமையால்தான் குஞ்சுகள் செத்தன என்று அந்த மனுஷி தெரிந்துகொள்ள வேண்டாம் என்று நினைத்தேன். உனக்கு மட்டும் எழுதியிருக்கலாம், நிஜம்தான். எழுதவில்லை. நீ கேட்பாய் என்று காத்திருந்தேன். பதினாலு பேர் கை தூக்கும்வரை காத்திருந்தேன். ரிஃபத் நேற்றுச் சேர்ந்தவன், அவனுக்குக் கேட்கத் தோன்றியிருக்கிறது.

நீ மன்னிப்புக் கேட்டது எனக்குப் போதும், உன்மேல் பழி ஒன்றும் இல்லை. ஆனால் உன்னோடு அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்தால் ஆந்தையைப் பார்க்கமாட்டேன். நீ என்னை எப்படிப் பார்க்கிறாய் என்றுதான் பார்த்துக்கொண்டிருப்பேன். குழுவுக்கும் வரவில்லை என்று ரிஃபத்திடம் சொல்லிவிட்டேன். டிரைபாடின் திருகை முடுக்கிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ போ. புதன்கிழமை நான் போகிறேன். நீ சொல்லிக்கொடுத்ததுதான். கூட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் குறைந்தால் அவ்வளவுக்கு நல்லது.

தனபால்