எட்டு விழுக்காடு

17.9.2023, ஞாயிறு

காலையில் சர்க்கரை 7.2. பரவாயில்லை. வாசல் குழாய்க்கு வாஷர் மாற்றினேன். இன்னும் சொட்டுகிறது. அளவைத் தவறாகச் சொல்லி வாங்கியிருப்பேன்.

பக்கத்து வீட்டு ரூத் வந்தாள். சுங்கை பட்டாணியில் அவள் வேலை செய்யும் மரச்சாமான் தொழிற்சாலையை அடுத்த மாதக் கடைசியில் மூடுகிறார்கள். அவளையும் அவளோடு இருக்கும் பத்துப் பேரையும் கூலிமில் வேறொரு தொழிற்சாலை எடுத்துக்கொள்கிறது. வேலை போகவில்லை. நல்ல செய்திதான்.

சேமநிதி அது பாட்டுக்கு இருக்கும். ஆனால் பழைய முதலாளி, ஆட்களின் ஓய்வுக் காலத்துக்கென்று தனியார் நிதி ஒன்றிலும் பதினோரு வருடம் பணம் போட்டிருக்கிறார். ரூத்தும் தன் பங்கைப் போட்டிருக்கிறாள். புதிய முதலாளி வேறு நிதி வைத்திருக்கிறார். இதிலிருந்து அதற்குக் கொண்டுபோக வேண்டும்.

"பாரம் எல்லாம் உங்க கையாலதான் எழுதணும் கிராணி ஐயா. நான் எழுதுனா கோழி கிண்டுன மாதிரி இருக்கும்" என்றாள்.

ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வேலையை நான் விட்டு இருபத்திரண்டு வருடம் ஆகிறது. இன்னும் அந்தப் பெயர் போகவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது.

18.9.2023, திங்கள்

ரூத்தின் படிவத்தை முதலில் பென்சிலிலும் பிறகு பேனாவிலும் நிரப்பினேன். மொத்தம் முப்பதாயிரம் வெள்ளி. அதில் இருபத்தோராயிரத்தை ஐம்பத்தைந்து வயதுவரை தொட முடியாது. அவளுக்கு ஐம்பத்தொன்று. மீதி ஒன்பதாயிரத்துக்கு இரண்டு கட்டங்கள். 'பிண்டா' என்றால் நேராக அடுத்த நிதிக்கு மாறிவிடும். 'கெலுவார்' என்றால் அவள் கைக்கு வரும்.

கெலுவாரில் குறி போட்டேன்.

பணம் முதலில் சொந்தக் கைக்கு வரட்டும், பிறகு நீயே கொண்டுபோய்ப் புதிய நிதியில் கட்டு என்றேன். இரண்டு கம்பெனிகளுக்கு நடுவே போகும் பணம் போய்ச் சேரும் என்று யார் உத்தரவாதம் தருவது? ரூத் உடனே தலையாட்டினாள். என் வீட்டுக்காரி மருதம்மாள்தான் சமையலறையிலிருந்து, "ஒரு வார்த்த போன் போட்டுக் கேட்டுக்கலாம்ல?" என்றாள். கேட்டிருக்கலாம். போனில் மலாயில் பேசுவதென்றால் எனக்கு இன்னும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

கையெழுத்து நன்றாக வந்திருந்தது. எழுபத்தாறு வயதுக்கு நடுக்கமே இல்லை.

21.9.2023, வியாழன்

ரூத் படிவத்தைக் கொடுத்துவிட்டாள். பதினோரு பேரில் அவள்தான் முதல்.

3.10.2023, செவ்வாய்

பணம் வந்துவிட்டது. ஒன்பதாயிரம் அல்ல, 8,280.

"பேங்குக்காரன் ஏதோ பொத்தோங் பண்ணியிருக்கான் போல ஐயா. எவன்தான் முழுசா தர்றான்?" என்று சிரித்தாள் ரூத். நானும் சிரித்தேன். எழுநூற்று இருபது வெள்ளி குறைகிறது. ஒன்பதாயிரத்தில் எட்டு விழுக்காடு. சரியாக எட்டு. வங்கி இப்படிக் கணக்காகப் பிடிக்காது.

வீட்டுக்குள் வந்து படிவத்தின் நகலை எடுத்தேன். கடைசிப் பக்கம், ஏழாவது குறிப்பு: ஓய்வு வயதுக்கு முன் வெளியே எடுத்தால் எட்டு விழுக்காடு வரி.

இதை நான் படித்திருக்கிறேன். அடியில் பென்சில் கோடுகூட இருக்கிறது, என் கோடு. சேமிப்பை நிறுத்துகிறவர்களுக்குத்தான் இது என்று நினைத்தேன். எடுத்துத் திரும்பக் கட்டினால் அது எடுத்ததாக ஆகாது என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். யாரைக் கேட்டு?

4.10.2023, புதன்

கேட்க வேண்டியதை நான்கு கேள்விகளாகத் தாளில் எழுதிவைத்துக்கொண்டு நிதி அலுவலகத்துக்குப் போன் செய்தேன். ஒரு பெண் பொறுமையாகப் பதில் சொன்னாள். பிண்டாவில் குறி போட்டிருந்தால் வரி கிடையாது. முழுப் பணமும் போயிருக்கும். எடுத்ததைத் திரும்பக் கட்டலாம், ஆனால் பிடித்த வரி திரும்பி வராது.

நான்காவது கேள்வி: படிவமே போடாமல் இருந்திருந்தால்?

ஒன்றும் ஆகாதாம். பணம் பழைய நிதியிலேயே அவள் பெயரில் இருந்திருக்குமாம். எந்த அவசரமும் இல்லையாம்.

என் வாழ்நாளில் பாதியை எதுவும் செய்யாமல்தான் கழித்திருக்கிறேன். எதுவும் செய்யாமல் இருக்க வேண்டிய இடத்தில் துணிந்திருக்கிறேன்.

ரூத்திடம் சொல்ல வேண்டும். நாளை.

5.10.2023, வியாழன்

சொல்லவில்லை. அவள் மாலை ஷிப்ட்.

8.10.2023, ஞாயிறு

தேவாலயத்திலிருந்து திரும்பும் வழியில் ரூத் வந்தாள். கையில் ஒரு டப்பா குவே பலகாரம். "உங்களுக்குச் சீனி இருக்கு, ஒண்ணே ஒண்ணுதான். மிச்சம் அக்காவுக்கு" என்றாள்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவளே பேசினாள்.

"ஐயா, நீங்க இப்போ பேமஸ் லா. உங்க பாரத்தப் படம் புடிச்சு எங்க வாட்ஸ்அப் குரூப்புல போட்டேன். எல்லாரும் அதப் பாத்துதான் எழுதுறாங்க. வியாழக்கெழமக்குள்ள குடுக்கணும்னு ஆபிஸ்ல சொல்லிட்டாங்க. புக்கிட் செலம்பாவ் சாந்தினி தெரியும்ல, இருளப்பன் மக? 'கிராணி ஐயா எந்தக் கட்டத்துல போட்டாரோ அதேதான் நானும்'னு சொல்லிட்டா."

இருளப்பன் மகள்.

குவே நன்றாக இருக்கிறது என்றேன். பத்துப் பேர். இன்னும் நான்கு நாள்.

9.10.2023, திங்கள்

தூக்கம் இல்லை. எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை யார் படிக்கப் போகிறார்கள்?

1998இல் தோட்டம் கைமாறியது. அத்தனை வருடச் சர்வீஸ் பணத்தை அப்போதே வாங்கிக்கொள்ளலாம், இல்லாவிட்டால் சர்வீஸைப் புதிய கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளலாம். அன்றைக்கும் அதே இரண்டு கட்டங்கள். எல்லாருக்கும் பிண்டாவில் போடு, அதுதான் அவர்களுக்கு நல்லது என்றார் மேனேஜர். எண்பத்து மூன்று பேருக்குப் போட்டேன். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. கிராணி போட்டால் சரியாக இருக்கும்.

மூன்று வருடத்தில் புதிய கம்பெனி மரங்களை வெட்டி நிலத்தை விற்றது. தாங்கள் வந்த பிறகான மூன்று வருடத்துக்கு மட்டும்தான் பணம் என்றது. இருளப்பன் இருபத்தாறு வருடம் பால் வெட்டியவர். மூன்று வருடப் பணத்தை வாங்கிக்கொண்டு லயத்தைக் காலி செய்தார்.

என் படிவத்தில் மட்டும் கெலுவார். "உன்னுடையதை நீ எடுத்துக்கொள்" என்று மேனேஜர் ஆபிஸ் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். ஏன் என்று எனக்குப் புரிந்தது. புரியாததுபோல இருந்துகொண்டேன். இந்த வீட்டின் முன்பணம் அதுதான்.

அன்று எனக்குச் செய்துகொண்டதை இன்று ரூத்துக்குச் செய்தேன். அதை நியாயம் என்று நினைத்தேன். எவ்வளவு படித்து என்ன? நான் தப்பித்த வழியே எல்லாருக்கும் வழி என்று எண்ணிக்கொண்டேன்.

10.10.2023, செவ்வாய்

சர்க்கரை 9.8.

மதியம் மருதம்மாள் எதிரில் வந்து உட்கார்ந்தாள். "மூணு நாளா அந்த நகலையே பாத்துக்கிட்டிருக்கீங்க. என்னா, பேயா தெரியுது அதுல?"

சொன்னேன். ரூத் விஷயம் மட்டும். ஆனால் அவள் அதோடு விடவில்லை.

"மத்தவங்க எப்பக் குடுக்கணும்?"

"வியாழக்கிழமைக்குள்."

"இன்னிக்குச் செவ்வா. எதுக்குக் காத்திருக்கீங்க?"

நீ போய் ரூத்திடம் சொல்லேன் என்றேன். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், அப்படித்தான் கேட்டேன்.

"நானா குறி போட்டேன்?" என்று எழுந்து போய்விட்டாள்.

ரூத் வீட்டில் இரவு எட்டு மணிக்கு விளக்கு எரிந்தது. கேட்வரை போனேன். அவர்களுடைய நாய் குரைத்தது. திரும்பி வந்துவிட்டேன்.

11.10.2023, புதன்

காலை ஆறரைக்கு, ரூத் பேருந்துக்குக் கிளம்பும்போது சொன்னேன். சாலையில் நின்றபடியே. எழுதி வைத்துக்கொண்டு போன எதுவும் வாயில் வரவில்லை. பேங்கு இல்லம்மா, வரி. நான் குறிய மாத்திப் போட்டுட்டேன். அவங்க யாரும் அப்படிப் போடக்கூடாது.

அவள் சட்டென்று கணக்குப் போட்டாள்.

"எப்பலேருந்து தெரியும் ஐயா?"

"போன புதன்."

"ஞாயித்துக்கெழம நான் குவே கொண்டாந்தப்பவே தெரியுமா?"

"தெரியும்."

எழுநூற்று இருபது வெள்ளிக்கு அவள் முகம் மாறவில்லை. இதற்கு மாறியது. ஒரு வார்த்தையும் திட்டவில்லை. போனை எடுத்து, என் எதிரிலேயே குரூப்பில் பேசிப் போட்டாள்: "யாரும் பாரம் குடுக்காதீங்க. என்னோடது தப்பு. பிண்டாதான் சரி. பிண்டா." பதில்கள் வந்தன. நான்கு பேர் நேற்று மாலையே கொடுத்துவிட்டார்கள். ஆபிஸிலிருந்து அப்போதே அனுப்பியும் விட்டார்களாம்.

நேற்று மாலை. நான் நகலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது.

சாந்தினி மட்டும் போனை எடுக்கவில்லை. இரவு ஷிப்ட் முடித்துத் தூங்குவாள், எழுந்ததும் நேராகப் போய்க் கொடுத்துவிடுவாள் என்றாள் ரூத். அவளுடைய பேருந்து வந்துவிட்டது. மோட்டாரை எடுத்தேன். மருதம்மாள் தடுக்கவில்லை. ஹெல்மெட்டைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள்.

புக்கிட் செலம்பாவுக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போனேன். இருளப்பன் வாசலில் மோட்டார் சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். எண்பத்தொரு வயது. "வாங்க கிராணி, பசியாறியாச்சா?" இருபத்தைந்து வருடமாக எங்கே பார்த்தாலும் அவர் கேட்பது அதுதான்.

சாந்தினியை எழுப்பினார். தலையை முடிந்துகொண்டே வந்து நான் சொன்னதைக் கேட்டாள்.

"நல்லா இருக்கு ஐயா! உங்க கையெழுத்த நம்பி அச்சு மாறாம எழுதுனேன். ஐ.சி. கார்டு நம்பர்கூட மொதல்ல ரூத் அக்காவோடதையே எழுதித் தொலச்சேன். பகல்ல குடுக்கலாம்னு பையில வச்சிருக்கேன். இன்னும் ரெண்டு மணி நேரம் கழிச்சு வந்திருந்தீங்கன்னா?"

பையிலிருந்து படிவம் வந்தது. கெலுவார் கட்டத்தில் என்னுடைய குறியைப் போலவே வால் நீண்ட ஒரு குறி. வாலைக்கூட விடாமல் பார்த்துப் போட்டிருந்தாள். அவள் வெற்றுப் படிவம் ஒன்றும் வைத்திருந்தாள். என்னிடம் நீட்டினாள். நான் வாங்கவில்லை. நிதி அலுவலக எண்ணைக் கொடுத்து, நீயே கேட்டு நீயே போடு என்றேன். எட்டரைக்கு அலுவலகம் திறந்ததும் அவள் போனோடு உள்ளே போனாள்.

இருளப்பன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். "அன்னிக்கு உங்க பாரத்துல எந்தக் கட்டம் கிராணி?"

சங்கிலியைப் பார்த்தபடிதான் கேட்டார்.

"மத்தது" என்றேன்.

"தெரியும். மேனேஜரோட டிரைவர் அப்பவே சொன்னான்." எண்ணெய்க் குப்பியை மூடிவிட்டு, "நீங்களா ஒரு நாள் வந்து சொல்லுவீங்கன்னு இருந்தேன். அதான் பாக்குறப்பல்லாம் நின்னு பேசுவேன்" என்றார்.

சாந்தினி வெளியே வந்து, தயங்காமல் பிண்டாவில் குறி போட்டாள். குறியின் வால் குட்டையாக இருந்தது.

13.10.2023, வெள்ளி

ஆறு பேர் தப்பித்தார்கள். கொடுத்த நால்வரின் பெயர்களை ரூத்திடம் கேட்டு வாங்கினேன். குணாளன், பிச்சை, அமண்டா, குணசுந்தரி. ஞாயிற்றுக்கிழமையே நான் வாயைத் திறந்திருந்தால் இந்தப் பட்டியல் இருக்காது.

29.10.2023, ஞாயிறு

எழுநூற்று இருபது வெள்ளியை உறையில் போட்டு மருதம்மாளிடம் கொடுத்தனுப்ப நினைத்தேன். பிறகு நானே போனேன். வேண்டாம் என்று ரூத் சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. எண்ணிப் பார்த்தாள். "மகனுக்குக் காலேஜ் பீஸ் இருக்கு ஐயா" என்று உள்ளே எடுத்துப் போனாள்.

அதுதான் சரி.

மற்ற நால்வருக்கும் என்ன நடந்தது என்று விவரமாகக் கடிதம் எழுதினேன். அவர்கள் இழந்ததை மாதம் இருநூறாகக் கொடுத்து முடிக்கிறேன் என்றும் எழுதினேன். முடிய ஒரு வருடத்துக்கு மேல் ஆகும்.

12.11.2023, ஞாயிறு

தீபாவளி. ரூத் வரவில்லை. பலகாரத் தட்டை மருதம்மாள் வேலிக்கு மேலே கொடுத்தாள், வாங்கிக்கொண்டாள்.

22.1.2024, திங்கள்

சர்க்கரை 7.6. குழாய்க்குச் சரியான வாஷர் கிடைத்தது.

காலையில் ரூத் கையில் நீளமான பழுப்பு உறையோடு என் கேட்டைத் தாண்டிப் போனாள். நிதி அலுவலகத்திலிருந்து வந்ததாக இருக்கும். பென்சில் சட்டைப் பையில்தான் இருந்தது. நான் கூப்பிடவில்லை.

சற்று நேரத்தில் திரும்பி வந்து கேட்டருகே நின்றாள். உள்ளே வரவில்லை. "ஐயா, நிதி ஆபிஸ்ல ஒரு பொண்ணு பொறுமையா பேசுச்சுன்னீங்களே, அந்த நம்பர் இருக்கா? நானே கேட்டுக்கிறேன்."

நல்ல தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அவள் தாளைச் சுவரில் வைத்து, படம் எடுக்கப் போனைத் தூக்கினாள். "கொஞ்சம் இரும்மா" என்று சொல்லி, ஒன்பது இலக்கங்களையும் நோட்டோடு இரண்டு முறை சரிபார்த்தேன். அவள் காத்திருந்தாள். பிறகு எடுத்தாள்.

அவள் போனதும் நானே அந்த எண்ணுக்கு அடித்துப் பார்த்தேன். சரியான எண்தான். அந்தப் பெண் 'ஹலோ' என்றதும் வைத்துவிட்டேன்.