கையெட்டும் தூரம்

பிப்ரவரி 25, செவ்வாய்

காலை ஷிஃப்டில் இருபத்தாறு பேர். அதில் ஒருத்தி மூன்று வயதுக்காரி. சட்டைப் பொத்தானை மூக்குக்குள் போட்டுக்கொண்டு வந்தாள். படாதபாடு பட்டு எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். அடுத்த நொடி அதை மறுபடியும் மூக்கருகே கொண்டு போனாள். அவள் அம்மா தலையில் அடித்துக்கொண்டதைப் பார்த்து அவசரப் பிரிவே சிரித்தது.

பதினோரு மணிக்கு ஒரு மரணம். இறந்தவரின் மனைவியிடம் நான்தான் போய்ச் சொன்னேன். இங்கே டாக்டர்களில் நான்தான் சொல்ல வேண்டும் என்பது எழுதாத சட்டம் ஆகிவிட்டது. "நீங்க சொன்னாத்தான்மா அவங்க தாங்கிக்கறாங்க" என்பார் தலைமை நர்ஸ் அக்கா. பெரிய வித்தை ஒன்றுமில்லை. நிற்காமல் உட்கார வேண்டும். கையெட்டும் தூரத்தில் உட்கார வேண்டும், மயங்கிச் சாய்ந்தால் பிடிக்கலாம். சுற்றி வளைக்காமல் 'இறந்துட்டார்' என்று சொல்ல வேண்டும். அப்புறம் வாயை மூடிக்கொண்டு கூடவே இருக்க வேண்டும்.

ஆறு நிமிடம் இருந்திருப்பேன். பிரிவுத் தலைவர் (நாங்கள் எல்லாரும் பெரியவர் என்போம், வயதுக்காக அல்ல, குரலுக்காக) கதவைத் திறந்து அந்த அம்மாள் எதிரிலேயே கேட்டார். "இங்க என்ன துக்க வீடா நடத்துறே? படுக்கை காலியாகல. எழுந்து வா."

எழுந்து போனேன். பதினோரு வருடமாக அப்படித்தான் எழுந்து போகிறேன்.

மார்ச் 11, செவ்வாய்

எழுத முடியவில்லை. இடது கடைவாய்ப்பல் உடைந்திருக்கிறது. மகளிடம் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 12, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டால் தலையைவிட்டுப் போகுமா, பார்க்கிறேன்.

எழுபது வயதுக்காரர். கொண்டு வரும்போதே உயிர் இல்லை. மகன் வெளியே. நாற்பது வயது இருக்கும், நல்ல சட்டை. வழக்கம்போல் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, "உங்க அப்பா இறந்துட்டார். இங்க வர்றதுக்கு முன்னாடியே" என்றேன். என் முகத்தையே பார்த்தார். அழப்போகிறார் என்று நினைத்து என் கையை அவர் தோளுக்குக் கொண்டு போனேன். அடி அப்போதுதான் விழுந்தது. வலி உடனே தெரியவில்லை. நாற்காலியோடு சாய்ந்து தரையில் கிடந்தபோது, சுவரோரம் யாரோ தவறவிட்ட ஒற்றைக் காலுறை கண்ணில் பட்டது. அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே, "கொன்னுட்டு உக்காந்து கதையா சொல்றே?" என்ற குரல்.

செக்யூரிட்டி வாசலில் வண்டிகளை ஒதுக்கிக்கொண்டிருந்தாராம். அக்காதான் குறுக்கே பாய்ந்தார்.

பெரியவர் வந்தார். என் வாயில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. அவர் கேட்ட முதல் கேள்வி: "நீ எப்படிப் பேசினே?"

மார்ச் 14, வெள்ளி

அந்த மகன் மேல் கொடுத்திருந்த புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். பெற்றுக்கொள்ளவைத்தார்கள் என்று எழுத வேண்டுமோ? பேனா என் கையில்தானே இருந்தது.

பெரியவர் அறையில் அந்த மகனும் இருந்தார். மேலிடத்தில் தெரிந்தவர்கள் இருக்கிறார்களாம். 'இரு தரப்பும் சமாதானம்' என்று முன்கூட்டியே அச்சடித்த தாள். எனக்கு ஒரு தரப்பு இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. "துக்கத்துல ஒரு அறை விழுந்தா வாங்கிக்கணும். அதுக்கும் சேர்த்துத்தான் இந்த வேலை" என்றார் பெரியவர். நான் தயங்கியதும், "இவங்ககிட்ட நீயும் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுடு. பெரிய மனசு பண்ணி வந்திருக்காங்க" என்றார்.

குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம்.

கேட்டேன்.

மார்ச் 20, வியாழன்

காலைக் கூட்டத்தில் எனக்குப் புதுப் பட்டம். "நம்ம குத்துச்சண்டை வீராங்கனை என்ன சொல்றாங்க?" என்று பெரியவர் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்காவிட்டால் அடுத்த பட்டம் யாருக்கு என்று அவர்களுக்குத் தெரியும். நானும் சிரித்தேன்.

பல் மருத்துவரிடம் போகக் கேட்ட விடுப்பு ரத்து. ஒன்பதாவது நாள் தொடர்ந்து டியூட்டி.

ஏப்ரல் 2, புதன்

இன்று ஒன்றைக் கவனித்தேன். மரணத்தைச் சொல்லப் போன நான் உட்காரவில்லை. கதவை ஒட்டி நின்றுகொண்டேன், ஒரு கை கைப்பிடியில். 'இறந்துட்டார்' என்பது வாய்வரை வந்து, "முயற்சி பண்ணிட்டிருக்கோம்" என்று மாறி வெளியே விழுந்தது. முயற்சி செய்ய அங்கே ஒன்றும் மிச்சமில்லை. கால்மணி நேரம் கழித்து அக்காவை அனுப்பினேன்.

அக்கா ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஏப்ரல் 15, செவ்வாய்

மூன்று மரணம். மூன்றையும் அக்காவே சொன்னார்.

ஏப்ரல் 27, ஞாயிறு

வீட்டில் மகள் விளையாட்டாகப் பின்னால் வந்து கண்ணைப் பொத்தினாள். அவள் கையைத் தட்டிவிட்ட வேகத்தில் மணிக்கட்டு சிவந்துவிட்டது. "அம்மா, நான்தாம்மா" என்றாள். அவள் சொன்ன தோரணை இருக்கிறதே, யாரோ பயந்த நாயிடம் பேசுவதுபோல்.

இவர், என் வீட்டுக்காரர், பார்த்துக்கொண்டே இருந்தார். அச்சகத்தில் பிழை திருத்துபவர், எதையும் இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் வாய் திறப்பார். மகள் தூங்கப் போனபின் சொன்னார்: "விட்டுடும்மா. வேற எங்கயாவது பாத்துக்கலாம்." எனக்குக் கோபம் வந்தது. "எனக்கு ஒண்ணும் இல்ல. என் வேலை எனக்குத் தெரியும்" என்றேன்.

தெரியுமா?

மே 6, செவ்வாய்

ஐயோ. என்ன செய்துவிட்டேன்.

மே 7, புதன்

நேரப்படி எழுதுகிறேன். வேறு எப்படியும் எழுத வரவில்லை.

10.20. மோட்டார் சைக்கிள் விபத்து. இருபத்திரண்டு வயது. துடிப்பு இல்லை, கண்ணின் பாவைகள் விரிந்து நின்றுவிட்டன. இறந்து நேரமாகியிருந்தது. கூட வந்தவர்கள் ஏழெட்டுப் பேர். கதவைக் குத்திக்கொண்டிருந்தார்கள். "அவனுக்கு ஏதாவது ஆச்சு, ஒருத்தரும் வெளிய போக முடியாது!" பெரியவர் கூட்டம் என்று மாடிக்குப் போய்விட்டார். மருத்துவர் என்று கீழே நான் ஒருத்திதான்.

நெஞ்சை அழுத்தச் சொன்னேன். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். அக்கா என் காதோரம் வந்து, "போயிடுச்சும்மா. நிறுத்திடலாம்" என்றார். கதவின் கண்ணாடி வழியே ஒரு முகம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. "தொடருங்க" என்றேன். இரண்டு நர்சுகள், ஓடுகிற ஒரே ஈ.சி.ஜி. இயந்திரம், நான் - எல்லாம் ஒரு பிணத்தைச் சுற்றி.

10.31. ஒரு அம்மாள் மூன்றாம் படுக்கைக்கு வந்தார். ஐம்பது வயது, தையல் வேலை. கழுத்தில் அளவு நாடாகூட அப்படியே இருந்ததாம். மேல்வயிற்றில் எரிச்சல், தாடையில் வலி. சீட்டில் 'வாயுத் தொல்லையாக இருக்கலாம்' என்று யாரோ எழுதியிருந்தார்கள். நான் போய்ப் பார்த்திருந்தால் ஒரே பார்வையில் தெரிந்திருக்கும். இதயம் என்று.

திரைக்குப் பின்னாலிருந்து அவர் கூப்பிட்டது எனக்குக் கேட்டது. அதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும். "டாக்டரம்மா, கொஞ்சம் வர்றீங்களா?" இரண்டு தடவை. அடுத்த வீட்டுக்காரியைக் கூப்பிடுவதுபோல மரியாதையாக, தொந்தரவு கொடுக்கிறோமே என்ற கூச்சத்தோடு. "இதோ வந்துட்டேன்" என்றேன். போகவில்லை.

கத்தியவர்களுக்கு என்னைக் கொடுத்தேன். மெதுவாகக் கூப்பிட்டவரைக் காக்கவைத்தேன்.

10.58. மூன்றாம் படுக்கையிலிருந்து ஏதோ விழும் சத்தம். ஓடினேன். அப்புறம் செய்ததெல்லாம் நிஜமான முயற்சி. ஒன்றும் பலிக்கவில்லை. 11.40.

கணவர் வெளியே பெஞ்சில் இருந்தார். பள்ளிப் பேருந்து ஓட்டுநர், சீருடையோடு வந்திருந்தார். அவரிடம் நானே போனேன். உட்கார்ந்து, பக்கத்திலேயே உட்கார்ந்து, "இறந்துட்டாங்க" என்றேன். அடிக்கட்டும் என்றுகூட நினைத்தேன். அவர் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "நீங்க எவ்வளவோ பாடுபட்டிருப்பீங்க. உள்ள ஓடிக்கிட்டே இருந்தீங்களே, பார்த்தேன். நன்றிம்மா" என்றார்.

"எங்களால முடிஞ்சதெல்லாம் செஞ்சோம்" என்றேன்.

மார்ச்சில் விழுந்த அடி இதற்கு ஒன்றுமே இல்லை.

மே 9, வெள்ளி

பெரியவர் அறிக்கையைத் தயார் செய்து வைத்திருந்தார். 'நோயாளி மிகத் தாமதமாக அழைத்து வரப்பட்டார்.' கீழே என் பெயருக்கு இடம். மார்ச்சில் கையெழுத்துக்காகத் தாளைத் தட்டிய அதே விரல், அதே தட்டல்.

"இது உண்மையில்ல சார். வந்து இருபத்தேழு நிமிஷம் உயிரோட இருந்தாங்க" என்றேன்.

"உன்னைக் காப்பாத்தத்தான் எழுதியிருக்கேன். புரியுதா இல்லையா? உன் கழுத்துக்கு நீயே சுருக்கு மாட்டிக்கப் போறியா?"

"அந்த இருபத்தேழு நிமிஷமும் நான் செத்த ஒருத்தருக்கு வைத்தியம் பாத்துட்டிருந்தேன். ஏன்னு கேளுங்க சார்."

கேட்கவில்லை. கேஸ் ஷீட்டை என் மேல் விசிறினார். தாள்கள் பறந்தன. குனிந்து பொறுக்கி, அடுக்கி, மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன். கையெழுத்துப் போடவில்லை.

மதியம் வீட்டு மேசையில் உட்கார்ந்து நானே எழுதினேன். மார்ச் 11 முதல் மே 6 வரை. அடி, மன்னிப்பு, கதவோரம் நின்றது, பிணத்துக்குச் செய்த வைத்தியம், இருபத்தேழு நிமிடம். நான்கு பக்கம், மருத்துவமனை நிர்வாகத்துக்கு. இவர் வாங்கிப் படித்தார். பேனாவை எடுக்கவில்லை. "ஒரு எழுத்துப் பிழைகூட இல்ல" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். வெகுநேரம் துடைத்தார்.

மே 18, ஞாயிறு

ஓட்டுநர் வீட்டுக்குப் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை. போகக்கூடாது என்றுதான் சொன்னார்கள். விசாரணை வழியாகத் தெரிந்துகொள்ளட்டும் என்றார்கள். ஒரு தாளைப் படித்தா அந்த மனிதர் தெரிந்துகொள்ள வேண்டும்?

முன்னறையில் தையல் இயந்திரத்தின் மேலும் பக்கத்து நாற்காலியிலும் பாதி தைத்த பள்ளிச் சீருடைகள். அவற்றை நகர்த்தி எனக்கு இடம் போட்டார். தண்ணீர் கொண்டுவந்தார். அதைக் குடிக்கும் முன் சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும். அவர் மனைவி கூப்பிட்டது எனக்குக் கேட்டது என்பதையும்.

பிறகு கேட்டார்.

"ஏன்மா? பயமா?"

"ஆமா."

"அவளுக்கும் பயமாத்தான் இருந்திருக்கும்." எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார். "அன்னைக்கு நானும் அவனுங்க மாதிரி கதவை உடைச்சிருந்தா, அவ பொழச்சிருப்பா. அதானே?"

இல்லை என்று சொன்னால் பொய்.

"சத்தம் போடாதீங்க, டாக்டருங்க அவங்க வேலையைப் பாக்கட்டும்னு அவதான் சொன்னா" என்றார். அப்புறம், "போயிட்டு வாங்க" என்று சொல்ல வந்து, பாதியில் மாற்றி, "போங்கம்மா. இனிமே வராதீங்க" என்றார்.

கதவை மெதுவாகத்தான் சாத்தினார்.

ஜூன் 23, திங்கள்

விசாரணை. மூன்று பேர், ஒரு நீள மேசை. பெரியவர் என்னைப் பற்றி, "முதல்லேர்ந்தே கொஞ்சம் பலவீனமானவங்க" என்றார். பதினோரு வருடத்தில் அதை ஒரு நாள்கூடச் சொன்னதில்லை.

அக்காவை நான் கூப்பிடவில்லை. ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கிறது, வாயைக் கட்டிக்கொண்டு போகட்டும் என்றிருந்தேன். அவராகவே வந்தார். "இந்த அம்மா கீழ விழுந்து கிடந்தப்போ சார் கேட்டது என்னன்னு எனக்குத் தெரியும். சொல்லட்டுமா?" என்று ஆரம்பித்தார். அந்த மகன் என்னை அடித்ததில் தொடங்கி, இதுவரை அடி வாங்கிய நர்சுகள், ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர்கள் என்று பதினான்கு பேர். தேதியோடு.

பதினான்கு பேர். ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் எனக்கு ஐந்து பேரைத்தான் தெரிந்திருந்தது. யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

ஜூலை 30, புதன்

தீர்ப்பு வந்தது. எனக்கு மூன்று மாதப் பணி இடைநீக்கம், கண்டனக் கடிதம். பெரியவருக்கு 'அறிவுரை' - ஒன்றரை வரி. பிரிவுக் கதவில் இனி இரண்டு காவலர்கள் நிற்பார்கள். காலையில் இரண்டு மருத்துவர்கள் கட்டாயம்.

ஒரு அம்மாள் செத்துப்போய்க் கிடைத்த இரண்டாவது மருத்துவர். வரட்டும்.

நவம்பர் 3, திங்கள்

தண்டனை முடிந்து முதல் நாள். காவலர்கள் இருந்தார்கள். அக்கா என் கோட்டைத் துவைத்துத் தேய்த்து மாட்டி வைத்திருந்தார். பெரியவர் என்னைப் பார்க்காமலே தாண்டிப் போனார். அதுவே பெரிய நிம்மதி.

ஒன்பதரைக்கு வெளியே யாரோ கத்தினார்கள். சும்மா, வண்டியை எடுக்கச் சொல்லித்தான். நான் ஒரு கிழவரின் கையில் ஊசி ஏற்றிக்கொண்டிருந்தேன். கத்தல் கேட்டதும் என் கண் கதவுக்குப் போயிருக்கிறது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கிழவர்தான், "அம்மா, ரத்தம் வழியுது" என்றார்.

அக்காவிடம் சொன்னேன்: "சத்தம் கேட்டா எனக்குக் கதவுதான்க்கா தெரியுது. படுக்கை தெரியல. அப்படி ஒருத்தி இங்க நிக்கக் கூடாது."

"நாள் ஆக ஆகச் சரியாயிடும்மா."

"ஆகுற வரைக்கும் மூணாம் படுக்கையில யாரு இருப்பா?"

அக்கா என்னைக் கட்டிக்கொண்டார். போகாதே என்று சொல்லவில்லை.

டிசம்பர் 10, புதன்

புது வேலையில் இரண்டு வாரம் ஆகிறது. ஓட்டுநர் உரிமம் கேட்பவர்களுக்கு உடற்தகுதிச் சான்று. பார்வை, ரத்த அழுத்தம், கையெழுத்து. ஒன்பது மணிக்குத் தொடங்கி ஒரு மணிக்கு முடிந்துவிடும். மகளை நானே பள்ளியிலிருந்து கூட்டிவருகிறேன். இப்போதெல்லாம் அவள் பின்னால் வருவதில்லை, எதிரில் வந்துதான் கையைப் பிடிக்கிறாள்.

இன்று ஒரு லாரிக்காரர். வாயாடி மனிதர். பார்வைப் பலகையில் கடைசி வரிவரை கடகடவென்று படித்துவிட்டு, நான் முத்திரை குத்தும்வரை சும்மா இருக்க முடியாமல் கேட்டார்.

"இதுக்கு முன்னாடி எங்கம்மா இருந்தீங்க?"

"அவசரப் பிரிவுல."

"அய்யய்யோ. அங்கயா? உங்களைப் பார்த்தா சாதுவா இருக்கீங்க. அதெல்லாம் உங்களுக்கு ஒத்து வந்திருக்காதே?"

"இல்லைங்க" என்றேன். "எனக்கு நல்லா வந்த வேலை அது."

சான்றிதழை நீட்டினேன். அவர் அடுத்த கேள்விக்கு வாய் திறப்பதற்குள், அடுத்தவரை வரச் சொன்னேன்.