வாய்விட்டுப் படிக்கும் புத்தகங்கள்

அன்பு மகளுக்கு,

உன் பெண் புத்தகத்தைத் தொடவே மாட்டேன் என்கிறாள், எதைக் கொடுக்கலாம் என்று கேட்டிருந்தாய். நாலாம் வகுப்போடு நின்றவளிடம் கேட்கிறாயே, அவ்வளவு தூரம் முற்றிவிட்டதா?

அவளுக்குக் கழுதை வக்கீலாகிற கதையை அனுப்பியிருக்கிறேன். உனக்கு, கப்பலுக்குச் சமைக்கப் போன ஒருத்தியின் கதை. அழுகை வந்தால் அழுதுவிடு. இரண்டையும் வாய்விட்டுத்தான் படிக்க வேண்டும்.

எனக்கு வேறு மாதிரி படிக்க வராது. நீ பள்ளியில் படிக்கும்போது, நூலகத்தில் உன் தோழிகள் முன்னால், "மனசுக்குள்ள படிம்மா, மானம் போகுது" என்றாய். நீ மறந்திருப்பாய். அன்று நீ போட்டிருந்த சட்டையின் நிறம்கூட எனக்கு மறக்கவில்லை. அதன் பிறகு சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் படித்தேன்.

இப்போது எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊர்கிறது. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று கண் டாக்டர் கையை விரித்துவிட்டார். அதை விடு.

நான் படித்தவரை கழுதையின் வழக்கு பாதியில் நிற்கிறது. "பாட்டிக்கு முடிவு தெரியல, நீதான் சொல்லணும்" என்று சொல்லி, உன் பெண்ணைப் போனில் எனக்குப் படித்துக் காட்ட வை. தடுக்கினால் திருத்தாதே. நீயும் பக்கத்தில் இருந்தால் இரு. முடிவை மட்டும் முந்திக்கொண்டு சொல்லிவிடாதே. அதை அவள் வாயால்தான் கேட்க வேண்டும்.

உன் அம்மா