படிக்காமல் அடுக்கிய கேள்விகள்

மார்ச் 3, திங்கள்

இரண்டாவது பொது விவாதம் படுத்துவிட்டது. முதல் கூட்டத்துக்கு நூறு பேருக்கு மேல் வந்தார்கள். நேற்று பதினெட்டுப் பேர். அதில் பதினொருவர் எங்கள் ஆய்வாளர் கூட்டமைப்பின் ஆட்களே. ஐந்து பல்கலைக்கழகங்கள் கூடி, மக்களோடு ஜனநாயகம் பேசப் போகிறோம் என்று சுவரொட்டி அடித்ததெல்லாம் இதற்குத்தானா?

தலைவர் வாசலில் நிறுத்தினார். முன்னுரைக்கே நாற்பது நிமிடம் எடுப்பதால் நான் அவருக்கு வைத்த பெயர் முன்னுரை. "அடுத்ததும் இப்படின்னா தொடரை மூடிடலாம்மா. நமக்கு ஆய்விதழ் இருக்கு, அது போதும்."

எனக்குப் போதாது.

மார்ச் 4

தங்கையிடம் பொருமினேன். அவள் செவிலி, முதல் கூட்டத்துக்குப் பணி முடிந்து நேராக வந்தவள். "நீங்க பேசினதுல 'மற்றும்' மட்டுந்தான்க்கா புரிஞ்சுது," என்றாள். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அடுத்ததாகக் கேட்டாள்: "நான் எழுதிக் குடுத்த கேள்வி என்னாச்சு?"

மார்ச் 6

அலமாரியைத் திறந்தேன். வாசலில் கேள்விச்சீட்டு கொடுப்போம். கடைசியில் முன்னுரை மூன்றை எடுத்துப் படிப்பார். முதல் கூட்டத்தின் மிச்சம் எண்பத்தெட்டும் துளையிட்டு, நூல் கோத்து, கோப்பில் அழகாக இருந்தன. யாரும் படிக்கவில்லை. அடுக்கியது – வேறு யார், நான்தான்.

ஒரு பேருந்து நடத்துநர் எழுதியிருந்தார்: "சாலையை மறிப்பது ஜனநாயகம் இல்லை என்றீர்கள். மறிக்காமல் மூன்று வருடம் மனு கொடுத்தோம். அதற்குப் பெயர் என்ன?"

பதினாறு வருடமாக இதைத்தான் பாடம் நடத்துகிறேன். எனக்குப் பதில் தெரியவில்லை.

வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 10

செயற்குழுவில் போட்டு உடைத்தேன். அடுத்த விவாதத்தில் சீட்டு எழுதியவர்களே பேசட்டும். பேராசிரியர்கள் கீழே உட்காரட்டும். கை தூக்கினால் ஆளுக்கு மூன்று நிமிடம்.

"அப்போ நாங்க எதுக்கும்மா?" என்றார் முன்னுரை.

"கேக்கறதுக்கு, சார்."

வாக்கெடுப்பு. எட்டுக்கு ஏழு. தப்பித்தேன்!

மார்ச் 17

சீட்டுகளில் எழுதியிருந்த எல்லாத் தொலைபேசி எண்களுக்கும் பேசியாயிற்று. தொண்டை கட்டிவிட்டது. "நெசமாவே படிச்சீங்களா?" என்று ஒருவர் மூன்று முறை கேட்டார்.

மார்ச் 22, சனி

இன்று மூன்றாவது விவாதம். நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றார்கள்.

நடத்துநர் முதலில் பேசினார். "மறியல்ல நின்னப்போ ஒரு அம்மா ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு அழுதாங்க. வழி விட்டோம். அவங்க அழலைன்னா விட்டிருப்போமா? தெரியல."

என் தங்கை எழுந்தாள். "உங்களுக்கு மறிக்க ரோடாவது இருக்கு. நாங்க வேலைய நிறுத்தினா உயிர் போயிடும். நிறுத்த மாட்டோம்னு தெரிஞ்சுதான் எங்க மனுவ யாரும் திரும்பிப் பாக்கறதில்ல. நாங்க என்ன பண்றது, சொல்லுங்க?"

அரங்கமே ஒரே நேரத்தில் பேசியது. சட்டத்துக்குள்ளேயே நின்று பொறுக்க வேண்டுமா, எவ்வளவு நாள், யாருடைய கஷ்டத்தில் – ஒரு மேற்கோள் இல்லாமல் இத்தனையும்! நடுவில் முன்னுரை கை தூக்கித் தன் முறைக்குக் காத்திருந்தார். "இதுக்குப் பதில் தெரியாமத்தான்மா நான் மூணு புத்தகம் எழுதினேன்," என்றார். கைதட்டல் அடங்கவே இல்லை. மனிதர் வெட்கப்பட்டதை முதன்முறையாகப் பார்த்தேன்.

ஜெயித்துவிட்டோம். அடக்கமாக எழுத வரவில்லை, என்ன செய்ய!

மார்ச் 24

செயற்குழு நிரலில் 'தொடரை மூடுவது' இல்லை.

ஏப்ரல் 19, சனி

நடத்துநர்களும் செவிலியரும் சேர்ந்து பேருந்துப் பணிமனையில் சொந்தமாக விவாதம் வைத்தார்கள். எங்களிடம் யோசனைகூடக் கேட்கவில்லை. தலைமை, என் தங்கை. நானும் முன்னுரையும் பேச வரிசையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் இருபது பேர். எங்கள் முறை வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

"அடுத்த மாசம் வாங்க, சார்," என்றாள் தங்கை, கொஞ்சமும் விட்டுக்கொடுக்காமல்.

திரும்பும் வழியில் முன்னுரை சொன்னார்: "அடுத்த தடவை சீக்கிரமே வந்து முன்னாடி நின்னுடணும்மா."